காற்றோடு மல்லுக்கு நிற்காதீர்கள்!

சைக்கிள்காரருக்கு எதிரி யார்?

"மேடு" என்பார் ஒருவர். "வெயில்" என்பார் இன்னொருவர். "தெரு நாய்" என்று சொல்பவரும் உண்டு!

ஆனால், நெடுந்தூரம் தன்னந்தனியாகச் சைக்கிளில் போய்வந்தவரைக் கேட்டுப்பாருங்கள். "காற்று!" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார்.

மேடு கண்ணுக்குத் தெரியும். முக்கி முனகி ஏறிவிட்டால் அடுத்த பக்கம் இறக்கம் கிடைக்கும். காற்று கண்ணுக்குத் தெரியாது. அதற்கு உச்சியும் கிடையாது, இறக்கமும் கிடையாது. காலையில் முகத்தில் அறையத் தொடங்கினால் சாயங்காலம் வரை அறைந்துகொண்டே இருக்கும்.

அந்தக் காற்றை எப்படிச் சமாளிப்பது? அதைக் கற்றுக்கொள்ள வில்லியனூர், பாகூர் பக்கத்துச் சாலைகளே நல்ல பள்ளிக்கூடம்.

குன்று இல்லாத பூமி

புதுச்சேரி நகரத்துக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தூரத்தில் இருக்கிறது வில்லியனூர். திருக்காமீசுவரர் கோவில் உள்ள ஊர். அதன் பக்கத்தில் சங்கராபரணி ஆறு ஓடுகிறது.

நகரத்துக்குத் தெற்கே சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பாகூர். சோழர் காலத்து மூலநாதர் கோவிலும் பெரிய ஏரியும் அங்கே உண்டு. அதற்கும் தெற்கே தென்பெண்ணை ஆறு.

இந்தப் பக்கமெல்லாம் மங்கலம், ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் என்று கிராமங்கள். நெல் வயல், கரும்புத் தோட்டம், ஏரிக்கரை, பனைமரம். பாகூரைப் "புதுச்சேரியின் நெற்களஞ்சியம்" என்று சொல்வார்கள்.

புதுச்சேரி நிலமும் தமிழ்நாட்டு நிலமும் இங்கே பின்னிக் கிடக்கின்றன. சைக்கிளில் போகிறவர் ஒரே நாளில் பல தடவை எல்லையைத் தாண்டலாம்!

வில்லியனூர்ப் பக்கத்தில்தான் கீழூர் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சி முடியவேண்டுமா என்று மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்த இடம் அது. 1954-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி அந்த வாக்கெடுப்பு நடந்தது. 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதம் தெரிவித்தார்கள்.

மனிதர்கள் போட்ட எல்லை காற்றுக்குத் தெரியாது. நாலு பக்கமும் வயல். தடுத்து நிறுத்த ஒரு குன்று கூட இல்லை. வீசத் தொடங்கினால் அதன் பாட்டுக்கு வீசும்.

ஜெர்மனியில் பிறந்த வண்டி

இரண்டு சக்கர வண்டியின் பூர்வீகம் ஜெர்மனி. அங்கே மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் மரத்தால் ஒரு வண்டி செய்தார். அதற்குப் பெடல் கிடையாது. வண்டியின் மீது உட்கார்ந்து, தரையைக் காலால் உதைத்து உதைத்து ஓட்டவேண்டும்.

1817-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி அவர் அதை ஓட்டிக் காட்டினார். சுமார் 13 கி.மீ. தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிட்டார். பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்!

இன்று ஜெர்மனியில் துணிமணி, கூடாரம், சமையல் சாமான் எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு நாள் கணக்கில் ஊர் சுற்றுகிறவர்கள் ஏராளம். அவர்களில் தனியாகப் போகிறவர்களும் உண்டு.

வட ஜெர்மனியும் பாகூரைப் போலவே தட்டையான பூமிதான். கடல் பக்கத்திலிருந்து அடிக்கடி மேற்குக் காற்று வீசும். மேற்கு நோக்கிப் போகிறவருக்கு அது சோதனைக் காலம். அதே காற்றில் பிரமாண்டமான காற்றாலைகள் சுழன்று மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒருவருக்குத் தொல்லை, ஊருக்கு விளக்கு!

பக்கத்து நாடான நெதர்லாந்தில் இன்னும் வேடிக்கை. அங்கே எதிர்காற்றில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். 2013-ம் ஆண்டில் தொடங்கிய போட்டி அது. கடலை மறித்துக் கட்டிய அணையின் மீது 8½ கி.மீ. தூரம் ஓட்டவேண்டும். பந்தய சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கியர் இல்லாத சாதாரண சைக்கிள்தான். புயல் மாதிரி காற்றடிக்கும் நாளாகப் பார்த்துப் போட்டியை அறிவிப்பார்கள்!

50 ஆண்டுப் பயணம்

ஜெர்மனியிலிருந்து புறப்பட்ட தனி ஆள் ஒருவரின் கதை இன்னும் அதிசயமானது.

அவர் பெயர் ஹைன்ஸ் ஸ்டூக்கே. ஹோவல்ஹாப் என்ற சிறிய ஊரைச் சேர்ந்தவர். 1962-ம் ஆண்டு, 22 வயது வாலிபராக இருந்தபோது, உலகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் கிளம்பினார். 3 கியர் மட்டுமே உள்ள கனமான சைக்கிள் அது. அவர் தம் ஊருக்குக் குடியிருக்கத் திரும்பி வந்தது 2014-ம் ஆண்டில்!

இடையிலே 50 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அவர் சைக்கிளில் கடந்த தூரம் 6 லட்சம் கி.மீ.க்கும் அதிகம். பூமியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் சுமார் 40 ஆயிரம் கி.மீ. அப்படியென்றால் அவர் மிதித்தது 15 வட்டம்! சைக்கிள் பல தடவை திருட்டுப் போனது. மறுபடி கிடைத்தது. அவர் பயணத்தை விடவில்லை.

இப்படிப்பட்டவர் நாள்தோறும் எவ்வளவு வேகமாகப் பறந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 லட்சம் கி.மீ.யை 50 ஆண்டுகளின் நாட்களால் வகுத்தால், நாள் ஒன்றுக்குச் சராசரி 33 கி.மீ.தான் வருகிறது.

பாகூரிலிருந்து புதுச்சேரிக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் ஒருவர் ஒரே நாளில் 40 கி.மீ. மிதித்துவிடுகிறார்!

ஆக, நெடும் பயணத்தின் ரகசியம் வேகம் அன்று, நிதானம்.

காற்று போடும் கணக்கு

எதிர்காற்றில் ஏன் அவ்வளவு களைப்பு வருகிறது?

காற்றே இல்லாத நாளில் ஒருவர் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 15 கி.மீ. வேகக் காற்று அவர் முகத்தில் படும். நிற்கிற காற்றை அவர்தான் கிழித்துக்கொண்டு போகிறார்.

இப்போது எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று வீசுகிறது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. இரண்டும் சேர்ந்து 30 ஆகிவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கு. அது அவரைப் பின்னுக்குத் தள்ளும் பலமோ இரண்டு மடங்கு ஆவதில்லை. நாலு மடங்கு ஆகிவிடுகிறது!

இரண்டை இரண்டால் பெருக்கினால் நாலு. காற்றின் வேகம் மூன்று மடங்கு ஆனால் தடை ஒன்பது மடங்கு. இதுதான் காற்றின் கணக்கு. அதனால்தான் எதிர்காற்றில் கொஞ்சம் வேகம் கூட்டினாலும் மூச்சு முட்டுகிறது. கொஞ்சம் வேகம் குறைத்தாலோ பெரிய நிம்மதி கிடைக்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. "போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. சரிக்குச் சரியாகப் போய்விடும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

பாகூரிலிருந்து புதுச்சேரி 20 கி.மீ. காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போய்வர 2 மணி 40 நிமிஷம் ஆகும்.

காற்று வீசும் நாளில் போகும்போது வேகம் 10 ஆகக் குறைகிறது. போய்ச் சேர 2 மணி நேரம். வரும்போது வேகம் 20 ஆகக் கூடுகிறது. வந்து சேர 1 மணி நேரம். மொத்தம் 3 மணி நேரம்!

காற்று 20 நிமிஷத்தைத் திருடிவிட்டது. போகும்போது எடுத்துக்கொண்டதை அது வரும்போது முழுவதும் திருப்பிக் கொடுப்பதில்லை.

20 நிமிஷம் என்பது சின்ன விஷயமா? பட்டறையில் வேலை செய்பவருக்கு அது அரை நாள் கூலி. பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்கு அது முதல் பாடம். கணக்குத் தெரிந்தவர் அன்று 40 நிமிஷம் முன்னதாகவே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார்.

நாலு திசை, நாலு பெயர்

காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்தவர்கள் தமிழர்கள். தெற்கிலிருந்து வந்தால் தென்றல். வடக்கிலிருந்து வந்தால் வாடை. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். மேற்கிலிருந்து வந்தால் கோடை. சைக்கிள்காரருக்கு இந்த நாலு பெயரும் வெறும் சொல் அல்ல, வழிகாட்டி.

ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று பலமாக வீசும். "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்ற பழமொழி தெரியாதவர் யார்?

மத்தியானத்துக்கு மேல் இன்னொரு காற்று வரும். வெயிலில் நிலம் சீக்கிரம் சூடேறும். கடல் மெதுவாகத்தான் சூடேறும். நிலத்தின் மீதுள்ள சூடான காற்று மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடல் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று ஓடிவரும். அதுதான் கடற்காற்று.

வில்லியனூர்க்காரருக்கு இதில் ஒரு யோகம் இருக்கிறது! காலையில் கிழக்கே நகரத்துக்குப் போகும்போது மேல்காற்று முதுகில் தள்ளும். சாயங்காலம் மேற்கே வீடு திரும்பும்போது கடற்காற்று முதுகில் தள்ளும். போகும்போதும் துணை, வரும்போதும் துணை. கூலி கேட்காத வேலைக்காரன்!

சில நாட்களில் மேல்காற்று பலமாக இருந்து, கடற்காற்றை உள்ளே வரவிடாது. அன்று அந்த யோகம் கிடைக்காது.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நிலைமை வேறு. அப்போது வடகிழக்குக் காற்று. பாகூரிலிருந்து வடக்கே நகரத்துக்குப் போகிறவருக்குக் காலையில் எதிர்காற்று. திரும்பும்போதுதான் சுகம்.

எந்தப் பக்கம் முதலில்?

விடுமுறை நாளில் ஒருவர் தனியாக ஒரு சுற்று வர நினைக்கிறார். வில்லியனூரில் கிளம்பிப் பாகூர். அங்கிருந்து புதுச்சேரி. பிறகு மறுபடி வில்லியனூர். ஏறக்குறைய 50 கி.மீ. மாதம் ஆடி. காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. எந்தப் பக்கமாகச் சுற்றுவது நல்லது?

விடியற்காலையில் முதலில் பாகூருக்குத்தான் போகவேண்டும். தெற்கே போகும் அந்தப் பாதையில் காற்று வலது பக்கத்து முகத்தில் அடிக்கும். அடிக்கட்டும்! அப்போது கால் புதிது. வெயிலும் இல்லை. விடியற்காலையில் காற்றின் வேகமும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

பாகூர் ஏரிக்கரையில் இளைப்பாறிவிட்டு வடக்கே திரும்பினால், அதே காற்று முதுகுக்கு வந்துவிடும். பிற்பகலில் நகரத்திலிருந்து மேற்கே திரும்பும்போது, கடற்காற்று வந்துவிட்டால் அதுவும் முதுகில்தான்.

இதையே தலைகீழாகச் சுற்றினால் என்ன ஆகும்? காலையில் நகரத்துக்குச் சுகமாகப் போய்விடலாம். பிறகு ஏறும் வெயிலில், ஏறும் காற்றை எதிர்த்துப் பாகூருக்கு 20 கி.மீ. மிதிக்கவேண்டும். நாக்குத் தள்ளிவிடும்!

முதலில் கஷ்டம், பிறகு சுகம். இதுதான் காற்று வீசும் நாளில் தனியாகப் போகிறவரின் முதல் விதி.

தனி ஆளுக்கு மறைப்பு இல்லை

நாலு பேர் சேர்ந்து போனால் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போகலாம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பார். பின்னால் வருகிறவருக்குக் காற்றின் தடை கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். வானத்தில் பெரிய பறவைகள் அம்பு போல வரிசை கட்டிப் பறப்பதும் இப்படிச் சிரமத்தைக் குறைக்கத்தான்.

தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை. அதற்காக லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறார்கள் சில இளைஞர்கள். அது எமனோடு விளையாடும் விளையாட்டு. லாரி திடீரென்று பிரேக் போட்டால் சைக்கிள்காரருக்குத் தப்ப வழியே இல்லை.

தனி ஆள் செய்யக்கூடியது வேறு:

உடம்பைக் கொஞ்சம் குனிந்து, முழங்கையை உள்ளே ஒடுக்கிக்கொள்ளலாம். காற்றை அதிகம் தடுப்பது சைக்கிள் அல்ல. மேலே உட்கார்ந்திருக்கும் ஆள்தான்.

கியர் இருந்தால் லேசான கியருக்கு மாற்றவேண்டும். இல்லாவிட்டால் வேகத்தைக் குறைக்கவேண்டும். மூச்சு இரைக்காமல் பேச முடிகிற அளவுக்கு மிதித்தால் போதும்.

டயரில் காற்றுக் குறைவு, செயினில் துரு, தாழ்ந்த சீட்டு, இந்த மூன்றும் எதிர்காற்றுக்குக் கூட்டாளிகள். கிளம்பும் முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

தண்ணீரை மறக்கக்கூடாது. காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடும். வியர்க்கவே இல்லை என்று தோன்றும். உடம்போ உள்ளே வற்றிக்கொண்டிருக்கும். நீர்மோரோ, உப்புப் போட்ட கஞ்சியோ அடிக்கடி கொஞ்சம் குடிக்கலாம்.

பக்கத்திலிருந்து வரும் ஆபத்து

எதிர்காற்று களைக்க வைக்கும். பக்கக் காற்று கீழே தள்ளிவிடும்!

ஊருக்குள் வீட்டுச் சுவரும் மரமும் காற்றை மறைத்துக்கொண்டிருக்கும். ஊர் முடிந்து வயல்வெளி தொடங்கும் இடத்தில் திடீரென்று ஓர் அடி விழும். சைக்கிள் ஒரு முழம் விலகிவிடும். பாலத்தின் மீதும் அப்படித்தான்.

பஸ் தாண்டிப் போகும்போதும் கவனம் வேண்டும். பஸ் காற்றை மறைக்கும் போது சைக்கிள் அதன் பக்கம் சாயும். பஸ் போனதும் காற்று மறுபடி மோதும். ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து, சாலை ஓரத்தில் ஒரு முழம் இடம் விட்டு ஓட்டுவதே நல்லது.

கேரியரில் வைக்கோல் கட்டு, தென்னங்கீற்று, பிளாஸ்டிக் குடம் போன்ற அகலமான சுமை இருந்தால் அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். அன்று தள்ளிக்கொண்டே போகலாம். சேலைத் தலைப்பு, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் பறக்காமல் இறுகச் செருகிக்கொள்ள வேண்டும். சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

மரம் சொல்லும் சேதி

காற்றின் வேகத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. மரத்தைப் பார்த்தால் போதும். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போபர்ட் 1805-ம் ஆண்டில் காற்றை வகைப்படுத்தினார். அந்த முறையைத்தான் நிலத்துக்கும் ஏற்றபடி பிற்காலத்தில் விரிவாக்கினார்கள்.

இலைகள் ஓயாமல் அசைந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கி.மீ. தாராளமாகப் போகலாம்.

புழுதியும் காகிதமும் பறந்து, சிறு கிளைகள் ஆடினால் 20 முதல் 28 கி.மீ. எதிரே வந்தால் தொல்லைதான்.

சிறு மரங்கள் சாய்ந்து ஆடினால் 29 முதல் 38 கி.மீ. நேரம் இரண்டு மடங்கு ஆகலாம் என்று எண்ணிக்கொண்டு கிளம்பவேண்டும்.

பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்க முடியாவிட்டால் 39 முதல் 49 கி.மீ. இறங்கி நடப்பது புத்திசாலித்தனம்.

பெரிய மரமே ஆடினால் 50 கி.மீ.க்கு மேல். அன்று சைக்கிள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கட்டும்.

புயலோடு விளையாட்டு வேண்டாம்

இந்தப் பகுதி மக்கள் இரண்டு புயல்களை மறக்கமாட்டார்கள்.

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே "தானே" புயல் கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 120 கி.மீ.க்கும் மேல். மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்தன.

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு, "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. காற்றைவிட மழைதான் கொடுமை. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமாகக் கொட்டித் தீர்த்தது. பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் பெருகி, பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது.

புயல் எச்சரிக்கை வந்த நாளில் வீரம் பேசிச் சைக்கிளை எடுப்பது மடமை. வழியில் மாட்டிக்கொண்டால் உடனே இறங்கி, உறுதியான கட்டிடத்தில் ஒதுங்கவேண்டும். மரத்தடி கூடாது. மின்கம்பி அருகே கூடாது. தண்ணீர் புரளும் தரைப்பாலத்தில் கால் வைக்கவே கூடாது.

தனியாகப் போகிறவர் எந்த வழியாகப் போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகவேண்டும். நல்ல நாளிலும் இந்த வழக்கம் இருக்கவேண்டும். நேரம் தவறினால் தேடி வர ஆள் இருக்கும்.

காற்றை வென்றவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. அதன் திசை தெரிந்து, நேரம் பார்த்து, நிதானமாக மிதித்தவர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நாளைக் காலை சைக்கிளை வெளியே எடுக்கும்போது, பெடலில் கால் வைக்கும் முன் ஒரு நிமிஷம் தலையை நிமிர்த்திப் பனை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். அன்றைய பயணத்தின் கணக்கு அங்கேதான் எழுதியிருக்கும்!